எழுத்து முடிந்த பெண்

எழுத்து என்றால் எனக்கு அ, ஆ, இ, ஈதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அவர்களிடம் எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டால் எழுத்து முடிந்தது. தாலி கட்டுவது அப்புறம், நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, வரவேண்டியவர்கள் எல்லாம் வந்து சேர்ந்து, சில மாதம் கழித்துத்தான். அதுவரை பெண் அவள் இடத்தில், மாப்பிள்ளை அவர் இடத்தில். திருச்சிப் பக்கம் எங்களுக்கு இது தலைகீழ். தாலி ஏறினால் கல்யாணம். பதிவாவது கிதிவாவது, பாஸ்போர்ட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். இந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாட்டை என் பிள்ளைகளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் அவர்களுடைய அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

எண்பதுகளின் கடைசியில் நர்ஸாக லண்டனுக்கு வந்தேன். தென்மேற்குப் பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லம். என் வேலை அனுமதி அந்த இல்லத்தின் பெயரில் வாங்கப்பட்டது. வேறு எங்கேயும் வேலை செய்யக் கூடாது, அங்கே வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். தங்குவதும் அங்கேயே, மாடியில் ஒரு சின்ன அறை. நிர்வாகி அம்மாளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவாள், ஜுரம் வந்தால் சூப் அனுப்புவாள். ஆனால் “உன் விசா” என்று அவள் சொல்லும்போதெல்லாம் கையில் ஏதோ கயிறு பிடித்திருப்பவள் மாதிரி ஒரு தொனி வரும். ஷிப்ட் மாற்றிக் கேட்டால் “உன் விசா”. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகணும் என்றால் “உன் விசா”. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை மூன்று வருஷம் மூக்கிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.

அவரைப் பார்த்தது தபால் நிலையக் கவுன்டரில். வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை எடை போடக் கொடுத்தேன். முகவரியைப் பார்த்துவிட்டு, “திருச்சியோ? சின்னனில அப்பாவோட வந்து மலைக்கோட்டை ஏறினனான்” என்றார். அந்த “ஏறினனான்” எனக்குச் சிரிப்பை மூட்டிவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஸ்டாம்பை ஒட்டி, ஒருமுறைக்கு இருமுறை அழுத்தி, “திரும்பவும் வாரும்” என்றார். எனக்கு அடிக்கடி கடிதம் போட வேண்டிவந்தது. என் அப்பாவே, ஏனம்மா இத்தனை கடிதம், உடம்பு சரியில்லையா என்று பதில் போட்டார்.

அவர் எழுபதுகளில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் கலவரம் வந்த பிறகு அப்பாவையும் அம்மாவையும் இங்கே அழைத்துக்கொண்டார். ஓர் அக்கா கனடாவில். கோலியர்ஸ் வுட்டில் வரிசை வீடுகளில் ஒரு வீடு. அவருடைய அப்பாவுக்கு இதய நோய். என்னை முதலில் பார்த்ததும் அவர் கேட்டது என் குலமோ கோத்திரமோ இல்லை, “பிரஷர் பாக்கத் தெரியுமோ பிள்ளை?” என்றுதான். அவருடைய அம்மா கொஞ்சம் தயங்கினார். இந்தியாக்காரப் பெண், சாதகம் எப்படிப் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் யோசித்தார். பிறகு என் கையால் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, “உப்புக் கொஞ்சம் கூட. பழகினா வந்திடும்” என்றார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். அவர்கள் வழக்கத்தில் மாமி. அத்தை என்று கூப்பிடுவது படத்தில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று அவருக்குச் சிரிப்பு. ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

ஆனி மாதம் எழுத்து. டவுன் ஹாலில் பட்டுப்புடவையும் மேலே கோட்டுமாக நான், கடன் வாங்கின டையோடு அவர், சக்கர நாற்காலியில் மாமா. அத்தை வீட்டிலிருந்து எவர்சில்வர் அடுக்கில் புக்கை கொண்டுவந்திருந்தார். புக்கை என்பது பொங்கல்தான். கையெழுத்துப் போட்டதும் பதிவாளர் அம்மாள், “இனி நீங்கள் கணவன் மனைவி” என்று கையைக் குலுக்கினாள். அன்று எனக்கு மாலை ஷிப்ட். அவரே கொண்டுபோய் இல்லத்தின் வாசலில் விட்டார். பட்டை மடித்து வைத்துவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு போய்ப் பாட்டிமார்களுக்கு மருந்து கொடுத்தேன். தலையில் பூவை எடுக்க மறந்துபோயிருந்தது. ஒரு பாட்டி அதைத் தொட்டுப் பார்த்து, இன்று என்ன விசேஷம் என்று கேட்டாள். எனக்குக் கல்யாணம் என்று சொன்னேன். பிறகு யோசித்து, பாதிக் கல்யாணம் என்று திருத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரிந்தது?

வக்கீல் ஓர் ஆங்கிலேயப் பெண், நல்லவள். கணவன் இந்த நாட்டுக்காரர் என்ற முறையில் நான் இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே முகவரி, கோலியர்ஸ் வுட் வீடு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆவணியில் தாலி, அதற்குப் பிறகு நான் இருக்கப்போவது அங்கேதானே. என் பாஸ்போர்ட்டும் விண்ணப்பத்தோடு போயிற்று.

ஆடியில் மாமா போய்விட்டார். காலையில் தேநீர் கேட்டவர், அது வருவதற்குள் இல்லை.

சாவு வீட்டில் நான் எங்கே நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டப்படி மருமகள். ஆனால் மருமகள் செய்யவேண்டியதைச் செய்யத் தாலி ஏறவில்லை. ஒரு பெரியம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக, “பிள்ளை, நீ இஞ்சாலப் பக்கம் நில்” என்று அக்கம்பக்கத்துப் பெண்களோடு என்னை நிறுத்தினார். யாரோ யார் இது என்று கேட்க, அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “தம்பிக்கு எழுத்து முடிஞ்ச பிள்ளை.” அன்றிலிருந்து ஒரு வருஷம் எனக்கு அதுதான் பெயர். மாமாவுக்கு நான் பார்க்காத பிரஷரா? அவர் கையைப் பிடித்துப் பார்த்த கை இது. கடைசியாக ஒரு பூப் போடக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அழுதுகொண்டு அக்கம்பக்கத்தாரோடு நின்றேன்.

ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருஷத் திதி, முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் கிடையாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஆவணிக் கல்யாணம் அடுத்த ஆவணிக்குப் போனது. யாரும் வாதாடவில்லை. கணவனைப் பறிகொடுத்து வெள்ளைப் புடவையில் இருக்கிறவரிடம் போய், எங்கள் கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று எந்த வாயால் கேட்பது?

ஐப்பசியில் நிர்வாகி அம்மாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, லண்டன் இல்லத்தை மூடுகிறோம் என்றாள். கடலோரத்தில் ஓர் ஊரில் பெரிய கட்டிடம் வாங்கியிருக்கிறார்களாம், வர விரும்புகிறவர்கள் வரலாம். ரயிலில் போனால் அரை நாள் ஆகும் ஊர். என்னைத் தனியாக நிறுத்தி, “உன் விசா எங்களோடு வருகிறது. நீ வராவிட்டால் அதுவும் இல்லை” என்றாள். வக்கீலிடம் ஓடினேன். அவள் சொன்னது தெளிவாக இருந்தது. விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை வேலையை விடாதே. அது நிராகரிக்கப்பட்டால் வேலை அனுமதியாவது கையில் இருக்கும். விட்டால் நிற்பதற்கு வேறு தரை இல்லை.

அன்று சாயங்காலம் தபால் நிலையம் மூடும் நேரத்துக்குப் போய் வெளியே காத்திருந்தேன். இருவரும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“நீங்க என்ன சொல்றீங்க? போகவா, இருக்கவா?”

அவர் பேசவே நேரம் எடுத்துக்கொள்கிறவர். தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “உம்மட விருப்பம். நான் சொன்னா அது உம்மைக் கட்டிப்போட்ட மாதிரி. ஆனா நீர் கிட்ட இருந்தா எனக்கு நல்லது.”

எனக்கு அது போதுமாக இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம் ஒருத்தி. நான் புருஷனை நம்பி அரசனைக் கைவிட்டேன். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது நிர்வாகி அம்மாள் படித்துவிட்டு, “உனக்குப் பைத்தியமா?” என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். மூன்று வருஷமாக மூக்கில் வைத்திருந்ததை அன்று அவிழ்த்துவிட்டேன். “எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவன் இருக்கிற ஊரில் நான் இருப்பேன்” என்று, வராந்தாவில் இருந்த பாட்டிமார்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அந்த ஒரு நாள் நான் மகாராணி மாதிரி நடந்தேன்.

வேலை போனதோடு அறையும் போனது. லண்டனின் கிழக்குப் பக்கம், ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதி வீட்டின் பின்னறையில் இடம் கிடைத்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் அந்த வீட்டார் இருவரும் வேலைக்குக் கிளம்பிப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். பதினெட்டு வயதிலிருந்து ஓடிய கால்கள். ஓடாமல் நிற்பது எப்படி என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அவருடைய சம்பளத்தில் என் வாடகையைக் கொடுத்தார். ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் வாங்கும்போது எனக்கு முகம் சுருங்கும். ஊரில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பாஸ்போர்ட் குடிவரவு இலாகாவிடம். திருப்பிக் கேட்டால் விண்ணப்பமும் ரத்து. போகவில்லை. அப்பா எழுதினார்: “உனக்குக் கல்யாணம் ஆயிற்றா ஆகவில்லையா என்று இங்கே கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?” அந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. எனக்கே தெரிந்தால்தானே எழுதுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோலியர்ஸ் வுட்டுக்குப் போவேன். சமைப்பேன், அத்தையின் கால் வீக்கத்துக்கு எண்ணெய் போட்டுவிடுவேன். மகன் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பொழுது சாயத் தொடங்கினால் அத்தை ஜன்னலைப் பார்ப்பார். “விளக்கு வைக்கிறதுக்கு முன்னம் வெளிக்கிடு பிள்ளை. இருட்டிப் போகும்.” லண்டனில் மார்கழியில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் எனக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். அவர் ஸ்டேஷன்வரை வருவார். கையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் குடித்தனமெல்லாம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்த அந்தத் தெருவில்தான்.

தை மாதம் ஒரு காலை, அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், குடிவரவு இலாகாவிலிருந்து இரண்டு பேர் கோலியர்ஸ் வுட் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நடந்ததை அத்தையே அந்த ஞாயிறு எனக்குச் சொன்னார், ஏதோ நல்ல காரியம் செய்தவர் மாதிரி.

“மருமகள் இஞ்ச இருக்கிறாவோ எண்டு கேட்டவை. இல்லை எண்டனான். ஏன் இல்லை எண்டு கேட்டவை. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில வடிவாச் சொன்னனான் பிள்ளை. ‘மேரேஜ் நொட் யெட். ஒன்லி பேப்பர்.’”

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. “அத்தை, பேப்பர்னா சொன்னீங்க?”

“ஓம். எழுத்தெண்டா பேப்பர்தானே? அவைக்கு விளங்கேல்லைப் போல கிடந்தது. நம்பாமல் போயிடுவினமோ எண்டு உன்ர கூறைச்சீலையையும் எடுத்துக் காட்டினனான். இஞ்ச பாருங்கோ, வெடிங் சாரி, இன்னும் உடுக்கேல்லை, அடுத்த ஆவணிக்கு எண்டு.”

தேநீரும் கொடுத்திருக்கிறார். அவர்கள் நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, மாடியில் ஓர் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மகனுடைய அறையில் என் பொருள் என்று ஒரு சீப்புகூட இல்லை. அத்தைக்கு அதிலும் பெருமைதான். எவ்வளவு ஒழுங்கான குடும்பம் என்று வெள்ளைக்காரருக்குக் காட்டிவிட்டோம் அல்லவா? எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. இந்த நாட்டில் விசாவுக்காகச் செய்துகொள்ளும் போலிக் கல்யாணத்துக்கும் அதே பெயர்தான் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

பிறகு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைக்கு எதிரில் இருந்தவர் மரியாதையான மனிதர். பதிவு நடந்த அன்று இரவு எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டார். இல்லத்தில் என் அறையில், ஷிப்ட் இருந்தது என்றேன். அதற்குப் பிறகு எப்போதாவது கணவன் வீட்டில் தங்கியதுண்டா? இல்லை. ஏன்? தாலி, சாவு, ஒரு வருஷம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், “மன்னிக்கவேண்டும், எனக்குப் புரியத்தான் கேட்கிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா?” என் அப்பா கேட்ட அதே கேள்வி. உங்கள் சட்டப்படி ஆகிவிட்டது, எங்கள் வழக்கப்படி இன்னும் இல்லை என்றேன். இரண்டையும் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டார்.

மாசியில் நிராகரிப்பு வந்தது. சேர்ந்து வாழவில்லை, நாட்டில் தங்குவதற்காகச் செய்துகொண்ட கல்யாணம், கணவனின் தாயே காகிதக் கல்யாணம் என்று தாமாக முன்வந்து சொல்லியிருக்கிறார். வேலை அனுமதி இருந்திருந்தால், என்று வக்கீல் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. இப்போதாவது போய்ச் சேர்ந்து இருங்களேன் என்றும் கேட்டுப் பார்த்தாள். அவர் தன் அம்மாவிடம் அதைச் சொன்னபோது நானும் இருந்தேன். அத்தை அழுதார். “தாலி இல்லாமல் ஒரு பொம்பிளைப் பிள்ளையை வீட்டில வைச்சிருந்தா நாளைக்குச் சனம் இவளைத்தான் கதைக்கும். உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.” என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். என் அம்மா இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

விசாரணை ஆனி மாதம். நீதிமன்றம் என்று பயந்து போனேன். பார்த்தால் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை மாதிரி ஓர் அறை. நடுவராக ஒரு வயதானவர், ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பாளர் சீக்கிரம் போகவேண்டும் என்றதால் அத்தையை முதலில் கூப்பிட்டார்கள். வெள்ளைப் புடவை, மேலே மகனுடைய கறுப்புக் கோட்டு, காலில் வீக்கத்தோடு செருப்பு. “பேப்பர்” என்று எதைச் சொன்னீர்கள் என்று எங்கள் வக்கீல் கேட்டாள்.

“எழுத்தைச் சொன்னனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நடுவர் தலையைத் தூக்கி, என்ன எழுதினார்கள் என்று கேட்டார். அத்தை முதலிலிருந்து தொடங்கினார். எழுத்து, நாள், தாலி, தன் கணவர் தேநீர் கேட்டது, அது வருவதற்குள் போனது. அந்த இடத்தில் நடுவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கடைசியாக ஒரே கேள்வி. அதோ உட்கார்ந்திருக்கிற பெண் உங்களுக்கு யார்?

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ர மருமகள்” என்றார்.

ஆட்டைத் திவசம் முடியவில்லை. தாலி ஏறவில்லை. சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார். அந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. நெஞ்சு அப்படி நிறைந்துபோயிருந்தது. அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு என் கணவர் சாட்சி சொல்லப் போய் உட்கார்ந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். வேலை, வீடு, எங்கே சந்தித்தோம், என் அப்பாவுக்கு என்ன தொழில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அரசுத் தரப்பு அதிகாரி ஓர் இளம்பெண். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, முடிக்கப் போகிறவள் மாதிரி ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் மனைவிக்கு அனுமதி மறுக்கப்பட்டு அவர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தால், நீங்கள் அவரோடு போய் அங்கே வாழ்வீர்களா?

அந்தக் கேள்வி வரும் என்று வக்கீல் முன்னமே எங்களுக்குச் சொல்லியிருந்தாள். என்ன பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது முறையில்லை, யோசித்து வாருங்கள் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தது போலவே பார்த்தார். பிறகு தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். இல்லை. போகமாட்டேன். அம்மா தனியாக இருக்கிறார், அவரை விட்டுவிட்டு என்னால் போக முடியாது.

அந்தப் பெண் வேறு கேள்வி இல்லை என்றாள். அத்தைக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின.

வெளியே வந்து ரயிலுக்குக் காத்திருந்தோம். பிளாட்பாரப் பெஞ்சில் அத்தை நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கம். அத்தை மகன் பக்கம் திரும்பினார்.

“நீ அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் என்ன குழந்தைப்பிள்ளையோ? கனடாவில உன்ர அக்காவோட போய் இருக்க மாட்டனோ? அவளோட போவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உனக்கென்ன குறைஞ்சு போயிருக்கும்?”

அவருக்கு ஆச்சரியம். உண்மையான ஆச்சரியம்.

“சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லச் சொல்லுறியளோ அம்மா?”

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வருவேன் என்று சொல்வது பொய். எவ்வளவு சாதாரணமாக வந்தது அந்தச் சொல். என்னை நோகடிக்க அவர் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்ததை அந்த நேரம் நினைத்திருக்கக்கூட மாட்டார். அதுதான் அதிகம் வலித்தது. வயதான தாயை விட்டுவிட்டு வா என்று நான் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டேன். அவர் வரவேண்டும் என்றுகூட எனக்கு இல்லை. வருவேன் என்று நினைக்கிறவராக இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒருத்தி கையிலிருந்த ஒரே பிடியை விட்டுவிட்டு இவரைப் பிடித்தாளே, இவருக்கு ஒரு கணம் நாக்குத் தடுமாறியிருக்கக் கூடாதா?

ரயில் வந்தது. ஏறினோம். நான் வழியில் மாறி ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். அன்று என் ஸ்டேஷன்வரை கூட வருகிறேன் என்றவரை வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை.

ஆடி முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. வென்றுவிட்டோம். வக்கீல் போனில் சந்தோஷத்தில் கத்தினாள். நேரில் போனபோது அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினாள். தாயின் சாட்சி நம்பத் தகுந்தது, அந்த வழக்கத்தைப் பற்றிய விளக்கம் ஏற்றுக்கொள்ளத் தக்கது என்றெல்லாம் இருந்தது. பிறகு கணவன். கல்யாணத்தை நாடகமாக நடத்துகிற ஒருவன், மனைவியோடு எங்கே வேண்டுமானாலும் போவேன் என்றுதான் சொல்லியிருப்பான். இவரோ தன் வழக்குக்கே கேடாக முடியும் என்று தெரிந்தும் போகமாட்டேன் என்றார். இவ்வளவு நேர்மையான மனிதர் தன் கல்யாணம் உண்மை என்றால் அது உண்மைதான். நடுவர் அப்படி எழுதியிருந்தார். “உன் கணவர் சொன்ன அந்த ஒரு பதில்தான் உன்னைக் காப்பாற்றியது” என்று வக்கீல் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் நன்றி சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். இதைப் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. நான் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து நைட் ஷிப்ட் போனபோது பிள்ளைகளுக்குத் தலைவாரிச் சடை போட்டு அனுப்பியவர். அத்தையைக் கடைசிவரை நாங்கள் இருவருமாகத்தான் பார்த்துக்கொண்டோம். என்னிடம் அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சில நாள் சொல்லமாட்டாரா என்று இருக்கும்.

ஆட்டைத் திவசம் முடிந்து, ஆவணியில், வாடகைக்கு எடுத்த ஒரு சர்ச் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. கூறைச்சீலை உடுத்தி மணவறையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை கைம்பெண் என்பதால் முன்னுக்கு வரமாட்டேன் என்று சமையல் பக்கக் கதவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் என் பின்னால் வந்து குனிந்து கட்டும்போது மூச்சு என் கழுத்தில் பட்டது. என்னைப் பிடித்துத்தான் கட்டினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே வரைக்கும் வருவார் என்பதிலும் இனிமேல் சந்தேகம் இல்லை. மேளம் பலமாக அடித்தது, அட்சதையாக அறுகரிசி தலையில் விழுந்தது. நான் விம்மி விம்மி அழுதேன். தாலி ஏறும்போது பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் ஏன் என்று கேட்கவில்லை.